மங்கலாக்கிய வீட்டின் முதலாம் மாடி

டக். டக். டக்.

பேர்லினில் முதல் காலை. வீதியைக் கடக்கும் இடத்தில் நிற்கிறேன். பார்வையற்றவர்களுக்காகக் கம்பத்தில் பொருத்திய ஒரு மஞ்சள் பெட்டி விட்டுவிட்டுச் சத்தம் போடுகிறது. பல்லி. அச்சொட்டாகப் பல்லி. என் சுட்டுவிரல் என்னைக் கேளாமலே அந்தக் கம்பத்தில் மூன்று முறை தட்டிவிட்டது. பக்கத்தில் நாயோடு நின்ற பெண்மணி என்னைக் கனிவாகப் பார்த்து, அதைத் தட்டக்கூடாது, அழுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லித் தந்தார்.

அக்கா வீட்டை விட்டுப் போன காலையிலும் பல்லி சொன்னது. எனக்கு அப்போது பத்து வயது. சகுனத்துக்காக அம்மா கதவு நிலையில் மூன்று தரம் தட்டினார். அக்கா "போட்டு வாறன்" என்று சொன்னார். அவர் வந்திறங்கியது பேர்லினின் பழைய ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில். நேற்று நான் இறங்கிய புதிய விமான நிலையமும் அதே பக்கத்து மண்ணில்தான் இருக்கிறது. கண்ணாடியும் மரப்பலகையுமாய், யாரும் அழுத தடயம் இல்லாத இடம். இடைப்பட்ட நாற்பது வருடங்களுக்குக் கிட்டிய காலத்தில் அக்காவை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றில் ஒன்று அம்மாவின் செத்தவீடு.

என்னை இங்கே அழைத்தது வேலை. யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பன்னிரண்டு கணினிகள், ஒரு ஜெனரேற்றர், கீழே கடைக்காரர் போடும் சாம்பிராணிப் புகை. பேர்லினிலுள்ள வரைபடக் கம்பனி ஒன்று, கூரையில் கமெரா பூட்டிய கார்களை ஊரூராக ஓடவிட்டு எடுக்கும் வீதிப் படங்களை எங்களுக்கு அனுப்பும். முகங்களையும் வாகன இலக்கத் தகடுகளையும் இயந்திரம் முதலில் தானாகவே மங்கலாக்கும். ஆனால் அதற்கு மூளை கொஞ்சம் மட்டு. விளம்பரப் பலகையில் சிரிக்கும் பல்வைத்தியரை மறைத்துவிட்டு, அதன் கீழே பஸ்ஸுக்கு நிற்கும் உயிருள்ள மனிதரை விட்டுவிடும். விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சதுரம் போடுவது எங்கள் வேலை. ஜெர்மனியில் எனக்குத் தெரிந்த முகங்கள் ஏராளம். ஒவ்வொன்றையும் ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன், மறைப்பதற்கு முதல்.

மூன்று நாள் பயிற்சிக்கு, எல்லாமாக ஒரு கிழமைக்கு வரச் சொன்னார்கள். செய்தியைத் தொலைபேசியில் சொன்னதும் டோர்ட்மண்டிலிருந்து அக்கா கேட்ட முதல் கேள்வி, என்ன கொண்டுவருகிறாய் என்பதல்ல.

"அப்ப நீ அந்தக் கம்பனிக்குள்ளயே போவாய், என்ன?"

ஓம் என்றேன். பிறகு, பன்னிரண்டு வருடங்களாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை அக்கா சொன்னார்.

அத்தான் இறந்து இரண்டு வருடம். அவர் படங்களுக்குக் குறைவில்லை. கலியாண வீடுகள், பூப்புனித நீராட்டு விழாக்கள், கோயில் தேர். எல்லாவற்றிலும் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக, கடவுச்சீட்டுக்கு நிற்பவர்போல விறைத்து நிற்பார். ஒரேயொரு படம் வேறுமாதிரி. ஒரு கோடைக் காலை இடுப்பில் சாரமும் உடம்பில் பெனியனுமாக முதலாம் மாடி பால்கனியில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூரையில் கமெரா வைத்த கார் கீழே போயிருக்கிறது. அத்தான் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டியிருக்கிறார், கப்பலுக்குக் கை காட்டுவதுபோல. சில மாதங்களில் படம் இணையத்தில் வந்தது. முகம் மங்கல்தான். ஆனால் கை இருந்தது, சாரம் இருந்தது, அந்த ஆள் இருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினார்.

அக்கா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். அங்கே ஒருத்தி அந்தப் படத்தைக் கண்டுவிட்டு, உன் கணவர் பாவாடையோடு நிற்கிறாரே என்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்தாளாம். அந்த நாட்களில் ஜெர்மன்காரர்கள் பலர் தங்கள் வீட்டை மறைக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டின் வழக்கம் அது. முகத்தை மட்டுமல்ல, கேட்டால் முழு வீட்டையுமே மறைத்துத் தருவார்கள். அக்காவும் அத்தானுக்குத் தெரியாமல் ஒரு விண்ணப்பம், ஜெர்மனில் அன்ட்ராக், நிரப்பிப் போட்டார். மாதம் ஒன்றில் படத்தில் வீடு சாம்பல்நிறக் கட்டியாகிவிட்டது. இதை யார் செய்தது என்று அத்தான் கேட்டிருக்கிறார். கம்பனிக்காரர்தான் என்று அக்கா சொன்னாராம்.

"அந்தச் சாம்பலை ஒருக்கா எடுத்துவிடச் சொல்லு தம்பி. ஒருக்காப் பாத்தாப் போதும் எனக்கு."

கம்பனி பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. செங்கல் சுவர், கீழே கால்வாய், எங்கும் கோப்பி மணம். எங்களுக்குப் பொறுப்பான காத்ரினை இதுவரை திரையில் கழுத்துக்கு மேலே மட்டும்தான் பார்த்திருந்தேன். நேரில் ஆறடி உயரம். முகம் மறைக்கும் பிரிவுக்கு அவர் தலைவி. முதல் இரண்டு நாட்களும் எங்கள் தவறுகளைத்தான் எனக்குக் காட்டினார். கண்ணாடியில் விழுந்த முகம், சன்னலுக்குள் நின்ற முகம், வெயிலில் நனைந்து இயந்திரத்துக்கு முகமாகவே தெரியாத முகம். நாங்கள் தவறவிட்ட ஒவ்வொருவருக்கும் அவர் வெட்கப்பட்டதுபோல் இருந்தது. ஒருவர் தன்னைக் காட்ட விரும்புகிறாரா என்று கார் கேட்பதில்லை, அதனால் நாம் மறைத்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார்.

பக்கத்துப் பிரிவில் விக்னேஷ் என்ற கோயமுத்தூர்க்காரர் வேலை செய்கிறார். தமிழ்க் குரலைக் கேட்டு இரண்டு மேசை தாண்டி வந்தார். அவர் திரையில் வரைபடமே இல்லை. கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாய், கூந்தல்போல. மனிதர்களின் கைத்தொலைபேசிகளும் கார்களும் போய்வந்த தடங்களாம். ஒரே இடத்தில் தடங்கள் மீண்டும் மீண்டும் விழுந்தால் அங்கே ஒரு வீதி இருக்கிறது என்று கணினி முடிவு செய்யும். தடங்கள் மெதுவானால் நெரிசல். நெடுநாள் விழாமல்போனால் வீதி மூடிவிட்டது என்று சந்தேகம். இவற்றைக் கார் செய்கிறவர்களும் பொதி விநியோகம் செய்கிறவர்களும் வாங்குகிறார்கள். வீதிகளை மனிதர் போடுகிறார்கள், பிறகு நடந்து நடந்து தாங்களே அவற்றுக்குச் சாட்சியும் சொல்கிறார்கள்.

கோடுகளில் ஒன்றைப் பார்த்தேன். நடுவீதியில் தொடங்கி, நடுவீதியில் நின்றது. இந்த ஆள் எங்கேயிருந்து வந்தார், எங்கே போனார் என்று கேட்டேன்.

"அது நாங்களே கட் பண்ணிருவோங்க சார். ஸ்டார்ட்டிங்ல கொஞ்ச தூரம், எண்டிங்ல கொஞ்ச தூரம். இல்லைன்னா வீடு எதுன்னு தெரிஞ்சுருமில்லைங்க. யாரோட ரூட்லயும் வீடு இருக்காது."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் அந்தத் திரையை விட்டு வர நேரமெடுத்தது. புறப்பட்ட வாசலும் இல்லை, போய்ச் சேர்ந்த வாசலும் இல்லை. ஒரு நகரம் முழுவதும் நடுவழியிலேயே இருந்தது.

மதியம் கன்ரீனில் வெள்ளைத் தண்டுகளை வேகவைத்து மஞ்சள் குழம்பு ஊற்றித் தந்தார்கள். இந்த மாதத்தில் மட்டும் கிடைக்கும் என்று காத்ரின் பெருமையோடு சொன்னார். முருங்கைக்காய் மாதிரி இருக்குமென்று முதல் வருடம் நம்பி ஏமாந்ததாக விக்னேஷ் காதுக்குள் சொன்னார். நான் உப்பைத் தேடினேன். அக்காவின் கதையை காத்ரினிடம் சொன்னது அந்த மேசையில்தான்.

அவர் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். ஒரு வாடகைக்காரர் கேட்டாலே போதும், முழுக் கட்டடமும் மறையும் என்றார். எட்டுக் குடும்பங்கள் இருக்கும் வீடு என்றேன். எட்டும்தான் என்றார். மறைத்ததைத் திறப்பது பற்றி வாக்குத் தரமுடியாது, தனக்கு நம்பிக்கையும் குறைவு. ஆனால் விண்ணப்ப இலக்கம் இருந்தால் தேடிப் பார்க்கலாம். இலக்கம் இல்லாமல் அந்தக் கோப்பைத் தொடவே அனுமதியில்லை. உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று தபாலில் போயிருக்கும், அதில் இருக்கும்.

அக்காவுக்கு அழைத்தேன். கடிதமே வரவில்லை என்றார். ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைப் பார்த்தாராம், அத்தான் எடுப்பதற்கு முதல் தான் எடுத்துவிட வேண்டுமே என்று.

மூன்றாம் நாள் பின்னேரம் பேர்லினின் நொய்கெல்ன் பகுதிக்குப் போனேன். முருகன் கோயில் பூட்டியிருந்தது. தமிழ்க் கடையொன்றில் மட்டன் ரோல்ஸ் வாங்கினேன். என்ன வேலையாக வந்தேன் என்று கடைக்காரர் கேட்டார், சொன்னேன். மனிதர் கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டார். ஏதோ ஒரு வரைபடத்தில் அவர் கடை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று ஒரு மாதம் கிடந்ததாம். யாரோ ஒருவன் அப்படி அறிவித்திருக்கிறான், வரைபடமும் நம்பிவிட்டது. டென்மார்க்கிலிருந்து மச்சான் அழைத்து, எப்ப நடந்தது, ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று அழுதிருக்கிறார்.

"நான் இஞ்ச நிண்டு வெங்காயம் நிறுக்கிறன் தம்பி. அவங்கள் என்னைப் பிரேதமா எடுத்துப்போட்டாங்கள். நான் உயிரோட இருக்கிறன் எண்டு நானே அன்ட்ராக் போட்டனான்."

உங்கள் கம்பனியா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. ஆனாலும் ஒரு ரோல்ஸ் கூடுதலாக வைத்தார்.

நான்காம் நாள் டோர்ட்மண்டுக்கு ரயில். ஹம் என்ற நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரியும் என்பது எனக்குத் தெரியாது. முன்பாதி டோர்ட்மண்டுக்கும் பின்பாதி ஹாகனுக்கும் போகும். ஒலிபெருக்கியில் சொன்னார்களாம், ஜெர்மனில். நான் பின்பாதியில் இருந்தேன். எதிரே ஒரு முதியவர் சிறு டப்பாவிலிருந்து உப்புத் தொட்டு அவித்த முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியில் என் நீலப்புள்ளி டோர்ட்மண்டை விட்டு விலகி விலகிப் போவதைப் பார்த்து, வரைபடத்தில் ஏதோ பிழை என்று நினைத்தேன். தொழில்காரன் அப்படித்தான் நினைப்பான். முதியவர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "புள்ளி சரி. நீங்கள்தான் பிழை. ஆனால் இந்தப் பக்கம் அழகான காடு வரும்."

வந்தது, அழகாகவும் இருந்தது. எங்கள் யாழ்தேவி ரயில் எவ்வளவு பிந்தினாலும் முழுதாகப் போய்ச் சேரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஹாகனில் இறங்கி வேறு ரயில் ஏறினேன்.

டோர்ட்மண்டில் அக்கா ரயில் மேடையில் நின்றார். நரைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். இரண்டு மணித்தியாலம் நின்ற கால்கள், மாறி மாறி ஊன்றிக்கொண்டிருந்தன. கட்டிப்பிடிக்கத் தெரியாத குடும்பம் எங்களுடையது. அவர் என் பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீயெல்லாம் வரைபடக் கம்பனியோ?" என்றார். "உன்னை நம்பி ஜெர்மன்காரன் கார் ஓடுறானே."

வீட்டை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டேன். பத்து வருடமாக நான் திரையில் பார்த்த முகவரி சாம்பல் கட்டி. நேரில் அது வெளிர் மஞ்சள் சுவர், எட்டு அழைப்பு மணிகள், முதலாம் மாடியில் ஒரு பால்கனி. மிளகாய்ச் சட்டி இன்னும் இருக்கிறது, கன்று வேறு. கீழ்வீட்டு ஜெர்மன் பெண்மணி படிக்கட்டில் வணக்கம் சொன்னார். இந்த வீட்டை மறைத்த ஆளை அவர் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறாராம். மேல்மாடிப் போலந்துக் குடும்பத்தில்தான் சந்தேகம். அக்கா பன்னிரண்டு வருடமாக அந்தப் பெண்மணிக்கு டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குப் பலகாரம் கொடுக்கிறார்.

பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்ட பிறகு அந்தக் கடிதத்தைத் தேடிக் கோப்புகளை இறக்கினோம். அத்தான் கடதாசி எறிய மாட்டார். அகதியாய் வந்த ஆளுக்கு ஒரு கடிதம் இல்லாததால் என்னென்ன நடக்கும் என்று தெரியும். தடித்த மட்டைக் கோப்புகள், முப்பதுக்கு மேல், முதுகில் தமிழில் அழகான எழுத்து: விசா. வேலை. பிள்ளை. வைத்தியம். வீடு. வந்த ஒவ்வொரு கடிதத்திலும் மேல்மூலையில் பென்சிலால் இரண்டு சொல் எழுதுவது அவர் வழக்கம். 'பதில் போட்டாச்சு.' 'பொறுத்துப் பார்ப்பம்.' 'ஃபோன் எடுக்க.' நான் ஒன்றைப் புரட்ட, அக்கா இன்னொன்றைப் புரட்டினார். அவர் படித்ததைவிட அந்தப் பென்சில் எழுத்தைத் தடவியதுதான் அதிகம்.

இருக்காது தம்பி, வந்திருந்தால் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அது 'வீடு' என்ற கோப்பில் இருந்தது. வாடகை ஒப்பந்தத்துக்குப் பின்னால், கொதிகலன் திருத்திய பற்றுச்சீட்டுக்கு முன்னால். இரண்டு துளையும் நேராகப் போட்டு. கம்பனியின் பெயர், விண்ணப்ப இலக்கம், விண்ணப்பித்தவர் என்ற இடத்தில் அக்காவின் முழுப்பெயர். தங்கள் விருப்பப்படி வீடு அடையாளம் தெரியாதவாறு ஆக்கப்பட்டுள்ளது. மேல்மூலையில் பென்சில்: 'பதில் தேவையில்லை.'

அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வெளியே ட்ராம் போனது. இன்னொன்றும் போனது.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். "பத்து வருஷம். ஆர் வீட்டுக்கு வந்தாலும் கொம்பியூட்டரைத் திறந்து, இந்தச் சாம்பலுக்குப் பின்னால நான் நிக்கிறன் எண்டு சொல்லிச் சிரிப்பார். நானும் பக்கத்தில தேத்தண்ணியோட நிண்டு சிரிச்சனான். ஒருநாள் கூட என்னைத் திரும்பிப் பாத்துக் கேக்கேல்லை."

நான் சொல்லக்கூடியது அந்த மூலையில் எழுதியிருந்தது.

இலக்கத்தை காத்ரினுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் முழுவதும் காத்திருந்தோம். அக்கா சந்தைக்குக் கூட்டிப்போனார், ஒவ்வொரு கடையிலும் என்னைத் 'தம்பி, சிலோனிலயிருந்து' என்று ஜெர்மனில் அறிமுகம் செய்தார். எனக்கென்று கம்பளிக் காலுறை வாங்கினார், யாழ்ப்பாணத்துக்கு. என் தொலைபேசி சிணுங்கும்போதெல்லாம் அவர் கை, பையின் வாரை இறுக்கிப் பிடித்தது.

பதில் பின்னேரம் வந்தது. இரண்டு பகுதி. காத்ரின் தானே நேரமெடுத்து எழுதியிருந்தார். மறைத்த வீட்டின் மூலப்படம் எங்கும் இல்லை. மறைக்கும்போதே மூலத்தை அழித்துவிடுவார்கள். திறக்கக்கூடிய மறைப்பு மறைப்பே அல்ல என்பதால் அப்படி ஒரு விதி. தேடிப் பார்த்தாராம், மன்னிக்க வேண்டுமாம். இரண்டாவது: கமெராக் கார் இந்தக் கோடையில் மறுபடி டோர்ட்மண்டுக்கு வருகிறது. எந்த மாதம் எந்தப் பகுதி என்று பட்டியல் வெளியாகியிருக்கிறது. அக்காவின் பழைய விண்ணப்பம் செல்லுபடியாகும்வரை புதிய படத்திலும் வீடு மறைந்தே இருக்கும். விண்ணப்பித்தவர் விரும்பினால் அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு அதை மீளப்பெறலாம்.

முதல் பகுதியை நான் மொழிபெயர்த்தபோது அக்கா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், ஏற்கனவே தெரிந்ததைக் கேட்பவர்போல. வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. இரண்டாம் பகுதியில் நிறுத்தினார்.

"எந்த மாசம்?"

யூலை என்றேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து மேசைக்கு முன்னால் இருந்தார். மீளப்பெறும் படிவத்தை நான் நிரப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு பெட்டிக்குள் தானே எழுதினார். காரணம் என்ற கட்டாயமில்லாத பெட்டியை வெறுமையாக விட்டார். பிரதி ஒன்றை எடுத்து, அத்தானின் துளைபோடும் கருவியால் இரண்டு துளை போட்டு, 'வீடு' கோப்பில் அவர் கடிதத்துக்கு அடுத்ததாகச் சேர்த்தார். பென்சிலை எடுத்து மேல்மூலையில் வைத்து யோசித்தார். எழுதாமலே மூடிவிட்டார்.

கடைசி நாள் ரயில் மேடை. வண்டி இருபது நிமிடம் பிந்தும் என்று பலகை சொன்னது. அந்த இருபது நிமிடத்துக்கு ஜெர்மன் ரயில்களை நான் மன்னித்தேன். அக்கா கையில் இடியப்பப் பொட்டலம். எந்தப் பெட்டியில் ஏற வேண்டுமென்று மூன்று பேரிடம் விசாரித்து, ஒருவரை விட்டு எழுதியும் வாங்கியிருந்தார். நான் பத்து வயதில் வாசலில் நின்றேன், அக்கா போனார். இப்போது அக்கா மேடையில் நிற்கிறார். இடையில் இருந்த வீதியை எந்த வரைபடத்தில் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

யூலையில் ஒவ்வொரு காலையும் பால்கனியில் நிற்கப்போவதாக அக்கா சொன்னார். எந்த நாள் கார் வரும் என்று தெரியாதே என்றேன். மிளகாய்க்கு எப்படியும் தண்ணி ஊற்றத்தானே வேணும் என்றார். அத்தானின் சாரம் ஒன்று அலுமாரியில் இருக்கிறதாம், அதை மேலே போர்த்திக்கொள்வாராம். யாரும் சிரித்தால் சிரிக்கட்டுமாம்.

பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல நிமிர்ந்தார். அந்தப் படம் உன்ர கந்தோருக்குத்தானே வரும் என்று கேட்டார். ஓம் என்றேன். டோர்ட்மண்ட் படங்கள் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வரும்.

வண்டி வந்தது. கதவு திறந்தது. "போட்டு வாறன்," என்றேன்.

அக்கா பொட்டலத்தை என் கையில் திணித்தார். விரல்களை விடவில்லை.

"தம்பி, என்ர முகத்தை நல்லா மறைச்சுவிடு. கையை மட்டும் தொடாத."